மாடு வாங்குமுன் கைகளை எண்ணுங்கள்

கேள்வி: எங்களுக்கு ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலமும் அதிலேயே வீடும் இருக்கின்றன. நான்கு பெட்டை வெள்ளாடுகள், பதினைந்து கோழிகள், வீட்டுத் தேவைக்கான காய்கறித் தோட்டம் ஆகியவற்றை மூன்று ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். கணவர் வாரத்தில் ஐந்து நாட்கள் வெளியே வேலைக்குச் செல்கிறார். வீட்டில் நானும் மாமியாரும், ஒன்பது வயது மகளும் இரண்டரை வயது மகனும் இருக்கிறோம். சென்ற மழைக்காலத்தில் மூன்று குட்டிகள் உடல் மெலிந்து, கீழ்த்தாடை பைபோல வீங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. மிஞ்சிய கிடாக்குட்டிக்கு மகள் பெயர் வைத்துப் பாசமாக வளர்த்தாள். அவள் பள்ளிக்குச் சென்றிருந்த நேரத்தில் அதை இறைச்சிக்கு விற்றுவிட்டோம். அன்றிலிருந்து அவள் கொட்டில் பக்கமே வருவதில்லை. இப்போது கணவர், "நிலம் இருக்கிறது, ஒரு கறவை மாடு வாங்கிவிட்டால் பிள்ளைகளுக்குக் காய்ச்சாத பச்சைப்பாலாகவே கொடுக்கலாம், அதில்தான் சத்து அதிகம்" என்கிறார். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அடுத்த மாதம் இரண்டு ஆடுகள் ஈன இருக்கின்றன. எப்போதும்போல் நானே பார்த்துக்கொள்வேன். மாடு வாங்கலாமா, வேண்டாமா?

கால்நடை மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தங்கள் கடிதத்தின் முடிவில் பேச்சோடு பேச்சாக எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. கர்ப்பிணியாக இருக்கும் நீங்கள் அடுத்த மாதம் ஆடுகள் ஈனும்போது அருகில் இருக்கக் கூடாது. கையுறை அணிந்துகொண்டால் போதுமா என்று கேட்காதீர்கள், போதாது. ஈனும் நாளிலும் அதற்குப் பிந்திய சில வாரங்களிலும் கொட்டிலுக்குள் செல்வதையும், நனைந்த வைக்கோலையும் படுக்கையையும் வாருவதையும், ஈனப் பார்த்தவரின் உடைகளைத் துவைப்பதையும்கூடத் தவிர்த்துவிடுங்கள்.

காரணத்தை விளக்குகிறேன். பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருக்கும் ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கியூ காய்ச்சலை உண்டாக்கும் கிருமி, கிளமிடியா, டாக்சோபிளாஸ்மா, லிஸ்டீரியா ஆகிய நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். இவை ஒவ்வொன்றும் மனிதருக்கும் தொற்றக்கூடியவை. கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ ஏற்படலாம். இவற்றுள் கியூ காய்ச்சலின் கிருமி, ஈன்ற இடத்தில் காய்ந்து தூசியோடு கலந்து, காற்றில் பரவி மூச்சின் வழியாகவே உள்ளே சென்றுவிடும் என்பதால்தான் கையுறை போதாது என்றேன். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை கறவை வெள்ளாட்டுப் பண்ணைகளிலிருந்து இந்நோய் பரவியபோது 4,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று; அவர்களில் பலர் ஆட்டைத் தொட்டவர்கள் அல்லர், பண்ணைகளுக்கு அருகில் வசித்தவர்கள். தங்கள் நான்கு ஆடுகளில் இக்கிருமி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் அது ஈனும் நாள்வரை வெளியே தெரியாமல் இருக்கக்கூடும் என்பதே என் கவலை.

ஆகவே இம்முறை ஈனப் பார்க்க வேண்டியவர் தங்கள் கணவர். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். கிடாவுடன் சேர்ந்த நாள் நினைவிருந்தால், அதற்கு ஐந்து நாள் முன்னும் பின்னுமாகக் கணக்கிட்டு அவர் இப்போதே விடுப்புக்குச் சொல்லிவைக்கலாம். அத்தைக்கு இதய வால்வுக் கோளாறு ஏதும் இருந்தால் அவரும் விலகியே இருக்க வேண்டும், ஏனெனில் கியூ காய்ச்சல் அத்தகையோரின் இதயத்தைத் தாக்கக்கூடியது. ஆடு வலுவாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வெளிவரவில்லை என்றால், கையை உள்ளே விடாமல் மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புள்கொடியின் நுனியை அயோடினில் நனைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். தாயின் நோயெதிர்ப்புப் பொருள்களைக் குட்டியின் குடல் நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும் வழி முதல் நாளோடு மூடிவிடும் என்பதால் இதில் தாமதத்திற்கு இடமில்லை; இரண்டரைக் கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் கால் லிட்டர் சீம்பாலாவது உள்ளே சென்றிருக்க வேண்டும். நஞ்சுக்கொடியை நாயும் பூனையும் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிட்டு, அவர் உடை மாற்றிக் குளித்த பிறகே வீட்டுக்குள் வரட்டும். அடுத்த முறை தங்கள் மகப்பேறு மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் ஆடுகள் இருப்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அந்த ஒரு செய்தி அவருக்கு மிகவும் உதவும்.

பச்சைப்பாலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில் தங்கியிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலால் பல ஆண்டுகள் வாடினார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் படை மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தபோதும், அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமலே இருந்தது. 1905-இல் தெமிஸ்டோகிளிஸ் சாமிட் என்ற மால்டா மருத்துவர், எந்த நோய்க்குறியும் இல்லாத ஆடுகளிடமே அக்கிருமி இருப்பதைக் கண்டறிந்தார். படைவீரர்களின் உணவிலிருந்து ஆட்டுப்பாலை நீக்கியதும் காய்ச்சல் பெருமளவு குறைந்துவிட்டது. இன்று புருசெல்லோசிஸ் என்று நாம் அழைக்கும் இந்நோய் மாட்டுப்பால் வழியாகவும் வரும். பாலைக் காய்ச்சுவதால் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் போய்விடுவதில்லை. சில வைட்டமின்கள் சிறிதளவு குறையும், அவ்வளவுதான். கர்ப்பிணியும் இரண்டரை வயதுக் குழந்தையும் இருக்கும் வீட்டில், ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ, பொங்கக் காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும். இதைத் தங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இனி, இறந்துபோன மூன்று குட்டிகள். கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்வது முறையல்ல. கல்லீரல் தட்டைப்புழுவும் தாடையில் இதே வீக்கத்தை உண்டாக்கும். ஆயினும் மழைக்காலம், மெலிவு, தாடைக்கடியில் நீர் கோத்த பை, அடுத்தடுத்த இறப்பு ஆகியவற்றை ஒன்றாகப் பார்க்கும்போது, இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழுவின்மீதே என் சந்தேகம் முதலில் விழுகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்புழு ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது. முட்டைகள் புழுக்கையோடு தரையில் விழுந்து, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒரு வாரத்திற்குள் இளம்புழுக்களாகி, பனித்துளி ஏறிய புல்லின் அடிப்பகுதியில் சில சென்டிமீட்டர் உயரம்வரை ஏறிக் காத்திருக்கும். அடுத்து அங்கே மேயும் ஆடு அவற்றை விழுங்கிவிடும்.

வெள்ளாடு இயல்பில் தலையை நிமிர்த்தித் தழை பறித்துத் தின்னும் பிராணி. அதைச் சிறிய நிலத்தில் அடைத்து, செம்மறியைப்போலத் தரையோடு தரையாக மேயவைக்கும்போதுதான் இத்தொல்லை பெரிதாகிறது. ஆகவே பனி உலர்ந்த பிறகே அவிழ்த்துவிடுங்கள். ஒரு சாணுக்குக் குறைவாகப் புல் இருக்கும் இடத்தில் மேய விடாதீர்கள். தழையை ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தீவனத்தை ஒருபோதும் தரையில் கொட்டாதீர்கள். இந்த நான்கையும் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதிக்குக் கண்ணிமையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். புழு இரத்தத்தைக் குடிக்கக் குடிக்க இமையின் உட்புறம் வெளிறிவிடும். ஆட்டின் தலையைத் தொடைகளுக்கிடையில் இலேசாகப் பிடித்துக்கொண்டு, மேல் இமையின்மீது ஒரு கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தி, மற்றொரு கட்டைவிரலால் கீழிமையைத் தாழ்த்தினால் அதன் உட்புறச் சவ்வு தெரியும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நன்கு சிவந்திருந்தால் கவலையில்லை. இளஞ்சிவப்பாக வெளிறியிருந்தால் எச்சரிக்கை. குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் அந்த நிலையிலேயே குடற்புழு நீக்க மருந்து தேவைப்படும். காகிதம்போல் வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்து கொடுத்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் உருவாகிப் பிற நாடுகளுக்கும் பரவிய இம்முறையில் நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அச்சிட்ட அட்டையும் உண்டு. மழைக்காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை எல்லா ஆடுகளையும் இப்படிப் பார்த்து, வெளிறியவற்றுக்கு மட்டும், உடல் எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுங்கள். மாதந்தோறும் மந்தை முழுவதற்கும் ஒரே மருந்தை ஊற்றுவதால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் மட்டுமே மிஞ்சுகின்றன என்பதை எத்தனையோ கொட்டில்களில் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். முதலில் நான்கு ஆடுகளின் புதிய புழுக்கையையும் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். சினையாக இருப்பதால் எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். "நிலம் இருக்கிறது" என்கிறார் தங்கள் கணவர். என் அனுபவத்தில் சிறு நிலத்துக் குடும்பங்களைத் திணறடிப்பது பெரும்பாலும் நிலத்தின் பற்றாக்குறை அன்று, கைகளின் பற்றாக்குறையே. எல்லோரும் நலமாக வீட்டில் இருக்கும் நல்ல நாளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாம் பிராணிகளை வாங்குகிறோம். பிராணிகளுக்கோ எல்லா நாளும் ஒரே பசிதான். ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்க, ஒருவர் வெளியூர் சென்றிருக்க, மழை விடாமல் கொட்டும் நாளில், எஞ்சியிருக்கும் கைகளால் எத்தனை வாய்களுக்குத் தீனியும் தண்ணீரும் வைக்க முடியுமோ அத்தனை பிராணிகளே ஒரு குடும்பத்துக்கு உரியவை. தங்கள் வீட்டில் இன்னும் நான்கு மாதத்தில் அப்படிப்பட்ட நாட்கள் தொடர்ந்து வரப்போகின்றன: நீங்கள் பிரசவித்துப் படுத்திருப்பீர்கள், இரண்டு சிறு குழந்தைகளை அத்தை பார்த்துக்கொண்டிருப்பார், கணவர் வேலைக்குச் சென்றிருப்பார்.

அந்த நாட்களில் 400 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாடு கொட்டிலில் நின்றால் என்னவெல்லாம் கேட்கும் என்று பாருங்கள். நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள், அதாவது நீர் நீங்கலான தீவனம், வேண்டும். பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான் என்பதால், பசும்புல்லாகவே கொடுப்பதானால் 50 கிலோவுக்குமேல் அறுத்துச் சுமக்க வேண்டும். உலர்தீவனமும் அடர்தீவனமும் வாங்கிக் கொடுத்தால் சுமை குறையும், செலவு கூடும். குடிக்க 50 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் தேவை. வெயில் காலத்திலும் பால் மிகும்போதும் இது இன்னும் கூடும். இருபது கிலோவுக்குமேல் சாணம் அள்ள வேண்டும். காலையும் மாலையும் உரிய நேரத்தில் கறக்க வேண்டும். கறவை தவறிப் பால் கட்டிக்கொண்டால் மடிநோய்க்கு வழி திறந்துவிடும். ஆட்டை ஒரு நாள் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். கறவை மாட்டைப் பெரும்பாலும் அப்படி ஒப்படைக்க இயலாது, பழகாத கைக்கு அது பால் சுரக்கத் தயங்கும்.

தங்கள் கணவரின் விருப்பத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆட்டைத் தாக்கும் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டிடம் செழிப்பதில்லை. ஆகவே ஆடு மேய்ந்த இடத்தில் பின்னர் மாடு மேய்ந்தால் அந்த இடத்தில் புழுக்கள் குறையும். சாணம் தோட்டத்துக்கும் வளம் சேர்க்கும். ஆகவே ஆசையைக் கைவிடச் சொல்லாமல், மாடு இல்லாமலே ஒரு மாதம் மாடு வளர்த்துப் பார்க்கும்படி அவரிடம் கேளுங்கள். முப்பது நாட்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, தங்கள் நிலத்திலிருந்தே 50 கிலோ பசுந்தழை அறுத்துத் தராசில் நிறுத்துக் குறித்துவைக்கட்டும். கொட்டிலுக்கு 50 லிட்டர் தண்ணீர் சுமக்கட்டும். மாலையிலும் கறவை நேரத்துக்குத் தவறாமல் வீடு திரும்பட்டும். அறுத்த தழை வீணாகாது: ஆடுகளுக்குப் போட்டது போக மீந்ததைக் காய்கறிப் பாத்திகளில் மூடாக்காகப் பரப்பலாம். பத்தாம் நாளிலேயே அறுக்கப் புல் இல்லையென்றால், நிலம் இருக்கிறது என்ற வாதமும் தீர்ந்துவிடும். முப்பது நாளும் தவறாமல் செய்து முடித்தாரானால், பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு வயது ஆன பிறகு மாடு வாங்குவதற்கு என் முழுச் சம்மதம் உண்டு. அதுவரை வேண்டாம். மூன்று குட்டிகளை இழந்த கொட்டிலில் முதலில் குட்டிகள் பிழைக்கட்டும்; ஆடுகளே தங்கள் குடும்பத்துக்குப் போதிய பால் தரக்கூடும்.

இளைய பிள்ளையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் சில சொற்கள். கால்நடைகளோடு வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீட்டை ஒட்டியே மாடு வைத்து வாழும் ஆமிஷ் சமூகப் பிள்ளைகளில் 5.2 விழுக்காட்டினருக்கும், பெரிய இயந்திரப் பண்ணைகளைச் சேர்ந்த, மரபால் நெருங்கிய ஹட்டரைட் சமூகப் பிள்ளைகளில் 21.3 விழுக்காட்டினருக்கும் ஆஸ்துமா இருந்தது. ஆகவே கொட்டில் வாசனையே பிள்ளைக்கு ஆகாது என்று அஞ்ச வேண்டாம். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை கோழிக்குஞ்சைக் கையில் வைத்துக் கொஞ்சிவிட்டு அதே கையை வாயில் வைத்தால் சால்மோனெல்லா தொற்றி உடல் நீரெல்லாம் வற்றிப்போகும் அளவுக்கு வயிற்றுப்போக்கு வரலாம். கொட்டிலுக்குள் தின்பண்டம் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். கொட்டில் செருப்பு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. புதிய சாணத்தையும் புழுக்கையையும் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். மண்ணைத் தொட்டு விளையும் காய்கீரைகளுக்கு, பச்சை எருவை இட்ட நாளிலிருந்து அறுவடைக்கு 120 நாட்களாவது இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் நன்கு மட்கிய எருவையே இட வேண்டும். குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சில நிமிடம் விட்டு உருவினால், பிடிக்க முடியாத அளவுக்குச் சுட வேண்டும். அந்தச் சூடு பல நாள் நீடித்து, புரட்டிப் போட்ட பின்னும் மீண்டும் ஏறி, பிறகு தானாக அடங்கியிருந்தால் எரு மட்கிவிட்டது எனலாம். நீங்கள் தோட்டத்தில் கைவைக்கும்போது கையுறை அணியுங்கள். பூனை கழித்த மண்ணிலும் டாக்சோபிளாஸ்மா இருக்கக்கூடும்.

தங்கள் மகளைப் பற்றி எழுதும்போது நான் மருத்துவராக மட்டும் எழுத முடியவில்லை. நானும் கால்நடைகளுள்ள வீட்டில் வளர்ந்தவன். ஒன்பது வயதில் ஒரு குழந்தைக்கு மரணம் என்றால் என்னவென்று தெரியும், போனது திரும்பாது என்பதும் தெரியும். கிடாக்குட்டிகள் எங்கே போகின்றன என்பதும் அவளுக்கு ஓரளவு தெரிந்தே இருக்கும். அவளால் தாங்க முடியாதது, காலையில் தழை ஊட்டிவிட்டுச் சென்ற குட்டி மாலையில் இல்லை என்பதும், அது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பதுமே. அவள் அழுவாளே என்று அஞ்சித்தான் நீங்கள் அந்த நேரத்தைத் தேர்ந்திருப்பீர்கள். ஆயினும் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். விற்றதற்காக வேண்டாம், சொல்லாமல் விற்றதற்காக. "அது சின்ன ஆடுதானே, வேறு குட்டி வரும்" என்று சொல்லாதீர்கள். கொட்டிலுக்கு வா என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

சில நாட்கள் கழித்து, அவளுடைய உதவி உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலையைக் கேட்டுப் பாருங்கள். கண்ணிமை நிறத்தைப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலைக்கு அவளைவிடப் பொருத்தமானவர் தங்கள் வீட்டில் இல்லை. அப்பா ஆட்டைப் பிடித்துக்கொள்ள, அவள் பார்த்து நோட்டில் எழுதலாம். குட்டிகளின் எடையையும் அவளே எடுக்கலாம்: குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட வேண்டும். ஈன்ற முதல் சில வாரங்களுக்கு அவளையும் ஈன்ற இடத்திற்கு அனுப்பாமல், அதன் பின்னரே இதைத் தொடங்குங்கள். பொறுப்பு அவளுடையதாக இருந்தாலும் நாள்தோறும் பெரியவர் ஒருவர் மேற்பார்த்தாக வேண்டும். அவள் மறந்த ஒரு நாளில் ஒரு குட்டி இறந்தால் அந்தச் சுமையை ஒன்பது வயதுப் பிள்ளையால் தாங்க இயலாது.

அடுத்த மாதம் பிறக்கும் குட்டிகளில் பெட்டை இருந்தால் அது தங்கும் என்றும், அதற்கு அவளே பெயர் வைக்கலாம் என்றும் சொல்லுங்கள். கிடா பிறந்தால், அது எத்தனை மாதம் நம்மோடு இருக்கும், பிறகு எதற்காக, யாரிடம் போகும் என்பதைப் பிறந்த அன்றைக்கே அப்பாவும் நீங்களுமாக அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். கிடாக்குட்டிகள் மூன்று மாதத்திலேயே இனச்சேர்க்கைக்குத் தயாராகிவிடக்கூடும் என்பதால் அதற்குள் தாயிடமிருந்தும் பெட்டைக்குட்டிகளிடமிருந்தும் பிரித்தாக வேண்டும். அந்த நாளையும் அவளுடைய நோட்டில் அவள் கையாலேயே குறித்துவைக்கட்டும். விற்கும் நாளில் கூடவே இருப்பதா, பாட்டியோடு வீட்டுக்குள் இருப்பதா என்பதை அவள் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.